புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா முக்குளிப்பும் குளிர்ப் பாதுகாப்பும்

ஸ்கூபா முக்குளிப்பில் குளிர்ப் பாதுகாப்பு என்பது, அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய கலனை முதுகில் சுமந்து நீருக்கடியில் நீந்துபவர், தம் உடல் வெப்பத்தை அளவுக்கு மேல் இழந்துவிடாமல் காத்துக்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். பனி உறையும் ஏரிகளிலும் வடகடல்களிலும் மட்டுமே இது தேவைப்படும் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயினும், வங்காள விரிகுடாக் கரையில் அமைந்துள்ள புதுச்சேரி போன்ற வெப்பமண்டல ஊர்களிலும் முக்குளிப்போர் குளிரால் பாதிக்கப்படக்கூடும். இத்தகைய கடல்களில் குளிர் திடீரெனத் தாக்குவதில்லை. நீரில் கழிக்கும் நேரமும் இறங்கும் ஆழமும் கூடக்கூட அது சிறிது சிறிதாக உடலில் சேர்கிறது. அதனால் பாதிக்கப்படுபவர் அதனைத் தாமே உணர்வது கடினம்.

நீரில் உடல் வெப்பம் குறையும் விதம்

மனித உடலின் உள்வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் ஆகும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஒரு குறிப்பிட்ட கனவளவு நீரைச் சூடேற்றுவதற்கு, அதே கனவளவுள்ள காற்றுக்குத் தேவைப்படுவதைப்போல் ஏறத்தாழ 3500 மடங்கு வெப்பம் தேவை. ஆகவே நீருக்குள் இருக்கும் உடல், தன்னைச் சுற்றியுள்ள நீருக்குத் தொடர்ந்து வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

28 பாகை வெப்பமுள்ள அறையில் சாதாரண உடையில் அமர்ந்திருப்பவருக்குக் குளிர் தெரிவதில்லை. அதே 28 பாகை நீரில் உடையின்றி அசையாமல் இருப்பவரின் உடல் மெல்ல மெல்லக் குளிரும். காப்புடை ஏதுமின்றி, நடுக்கமும் வியர்வையும் இல்லாமல் உடல் தன் வெப்பத்தைச் சமநிலையில் வைத்திருக்க, நீரின் வெப்பநிலை 33 முதல் 35 பாகை வரை இருத்தல் வேண்டும். புதுச்சேரிக் கடல் கோடையிலும் பொதுவாக இந்த அளவை எட்டுவதில்லை.

முக்குளிப்பவர் தோலின் வழியாக மட்டுமன்றி மூச்சின் வழியாகவும் வெப்பத்தை இழக்கிறார். கலனில் அழுத்தப்பட்டிருக்கும் காற்று விரிவடைந்து வெளிவரும்போது குளிர்கிறது. அதனை நுரையீரல் சூடாக்க வேண்டியுள்ளது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் நான்கு மடங்காகும். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் காற்றின் நிறையும் நான்கு மடங்காக இருப்பதால், அதனைச் சூடாக்கச் செலவாகும் உடல் வெப்பமும் அந்த அளவுக்குப் பெருகுகிறது.

புதுச்சேரிக் கடலின் வெப்பநிலை

புதுச்சேரிக்கு அப்பாலுள்ள கடலின் மேற்பரப்பு வெப்பநிலை, கோடையில் 29 முதல் 30 பாகை அளவிலும், டிசம்பர், சனவரி மாதங்களில் 26 முதல் 27 பாகை அளவிலும் இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரையை ஒட்டிச் செல்லும் நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பாய்ந்து, ஆற்று நீர் கலந்த குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது. பிப்ரவரிக்குப் பின் இந்நீரோட்டம் திசைமாறி வடக்கு நோக்கிப் பாய்கிறது. தென்தமிழக மீனவர் நீரோட்டத்தை நீவாடு என வழங்குவர்.

மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டும் கொண்டு ஆழத்தில் உள்ள நிலையைக் கணிக்க இயலாது. வெயிலால் சூடான மேல்நீருக்கும் குளிர்ந்த ஆழ்நீருக்கும் இடையே, சில மீட்டர்களுக்குள் வெப்பநிலை விரைந்து குறையும் அடுக்கு ஒன்று காணப்படும். இது வெப்பச்சரிவு அடுக்கு எனப்படும். இவ்வடுக்கு பருவத்துக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப மேலேறவும் கீழிறங்கவும் கூடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சூன் முதல் ஆகத்து வரையான காலத்தில், கரைக்கு இணையாக வீசும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழுகிறது. இந்நிகழ்வு மேலெழுநீர் எனப்படும். இத்தகைய நாட்களில் படகில் வெயில் சுட்டெரித்தாலும், கடலடியில் குளிரும் மங்கலான நீரும் எதிர்ப்படலாம்.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் அப்பால் கடலடிப் பள்ளத்தாக்குகள் அமைந்திருப்பது இக்கடற்பகுதியின் ஒரு சிறப்பு ஆகும். புயல்களும் கடலைக் கலக்கி ஆழ்நீரை மேலே கொணர்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்த தானே புயல், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரைகடந்த பெஞ்சல் புயல் ஆகியவை இப்பகுதியைத் தாக்கிய புயல்களுள் குறிப்பிடத்தக்கவை. புயலுக்குப் பின் கடல் அமைதியடைந்தாலும் நீரின் வெப்பநிலையும் தெளிவும் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

புதுச்சேரியில் முக்குளிப்போர் செல்லும் இடங்களுள் டெம்பிள் ரீஃப் எனப்படும் செயற்கைப் பார் ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்தில் உள்ளது. அரவிந்த்ஸ் வால் எனப்படும் பாறைச்சுவர் 30 மீட்டருக்கும் கீழே செல்கிறது. இவ்விரு இடங்களிலும் ஒரே நாளில் ஒரே வெப்பநிலை இருக்கும் என எதிர்பார்க்கக் கூடாது.

வரலாற்றுப் பின்னணி

தமிழகக் கடலில் மூழ்கும் தொழில் மிகப் பழமையானது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்போரும் சங்குகுளிப்போரும் கருவி ஏதுமின்றி, கல்லைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்கினர். ஒருமுறை மூழ்குதல் ஏறத்தாழ ஒரு நிமிடமே நீடித்தது. இருவர் ஒரு கல்லைப் பகிர்ந்துகொண்டு, ஒருவர் மூழ்கும்போது மற்றவர் ஓய்வெடுப்பது வழக்கம். கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும் இளவேனிற் காலமே முத்துக்குளிப்புக்கு உரியதாக இருந்தது. குறுகிய மூழ்கலும் இடையிடையே ஓய்வும் கொண்ட இம்முறையில், உடல் இழந்த வெப்பத்தை மீளப்பெற வாய்ப்பு இருந்தது.

ஸ்கூபா கருவி இந்த நிலையை மாற்றியது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த சாக் கூஸ்தோவும் எமீல் கன்யானும் 1943 ஆம் ஆண்டில் அக்வாலங் என்னும் கருவியை உருவாக்கினர். மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்பக் காற்றை வழங்குவது இதன் சிறப்பு ஆகும். அப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று அதன் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. அக்வாலங்கின் வரவால் ஒரு நிமிடம் நீடித்த மூழ்கல் ஒரு மணி நேரம்வரை நீளக்கூடியதாயிற்று. மூச்சுத் தடை நீங்கியதும், நீருக்கடியில் தங்கும் நேரத்துக்குக் குளிரே ஒரு முக்கிய எல்லையாக அமைந்தது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் நியோப்பிரீன் இரப்பரால் ஆன ஈர உடையை உருவாக்கியது இதற்கு ஒரு தீர்வாக அமைந்தது.

குளிர் உடலில் ஏற்படுத்தும் மாற்றங்கள்

உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்கும் நிலை தாழ்வெப்பநிலை எனப்படும். இது மூன்று படிகளாகப் பிரிக்கப்படுகிறது.

- இலேசான நிலை (35 முதல் 32 பாகை): கடும் நடுக்கம், விரல் மரத்தல், பேச்சுக் குழறல், முடிவெடுப்பதில் தயக்கம்.
- நடுத்தர நிலை (32 முதல் 28 பாகை): நடுக்கம் குறைந்து நின்றுபோதல், குழப்பம், தூக்கக் கலக்கம்.
- கடுமையான நிலை (28 பாகைக்குக் கீழ்): நினைவிழப்பு, இதயத் துடிப்பு சீர்குலைதல், உயிரிழப்பு.

புதுச்சேரியில் பொழுதுபோக்காக முக்குளிப்பவர் நடுத்தர நிலையை அடைவது அரிது. ஆனால் நீருக்கடியில் விபத்து நிகழ அவ்வளவு குளிர் தேவையில்லை. உள்வெப்பநிலை குறைவதற்கு முன்பே கைவிரல்கள் தம் திறனை இழக்கின்றன. மிதவைச் சட்டையின் பொத்தானை அழுத்துதல், எடைப்பட்டையின் கொக்கியைக் கழற்றுதல், துணைவரின் மாற்று மூச்சுக்குழாயைப் பற்றுதல் ஆகிய சிறு செயல்களையே உயிர்காப்பு நம்பியுள்ளது. குளிர்ந்தவர் வேகமாக மூச்சுவிடுவதால் காற்றும் விரைவில் தீர்கிறது. காற்றுமானியைப் பார்க்கும் வழக்கமோ கவனக்குறைவால் தளர்கிறது. இம்மூன்றும் ஒன்றுசேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது.

குளிரால் அறிவுத் தெளிவு மங்குவதால், தாம் நலமாகவே இருப்பதாகப் பாதிக்கப்பட்டவர் நம்பக்கூடும். எனவே அவரது நிலையை முதலில் கண்டறிய வேண்டியவர் அவருடைய துணைவரே ஆவார்.

குளிரும் அமுக்கநீக்க நோயும்

ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரசன், இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. விரைந்து மேலெழுந்தால் அது குமிழ்களாக வெளிப்பட்டு மூட்டுவலி, மரத்துப்போதல், முடக்குவாதம் ஆகியவற்றை ஏற்படுத்தும். இதுவே அமுக்கநீக்க நோய் ஆகும். இக்குமிழ்கள் நைட்ரசனால் ஆனவை என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் போல் பேர் தம் ஆய்வுகளால் நிறுவி 1878 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1908 ஆம் ஆண்டில் பிரித்தானிய அறிவியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன், படிப்படியாக மேலெழுவதற்கான அட்டவணைகளை வெளியிட்டார்.

இந்நோய்க்கும் குளிருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இறங்கும்போது உடல் சூடாக இருப்பதால் இரத்த ஓட்டம் மிகுந்து நைட்ரசன் திசுக்களில் எளிதாகச் சேர்கிறது. மேலெழும்போது உடல் குளிர்ந்திருந்தால் தோலுக்கும் கை கால்களுக்கும் செல்லும் இரத்தம் குறைகிறது. சேர்ந்த நைட்ரசன் வெளியேறுவது தாமதமாகிறது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வு மையம் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், ஆழத்தில் சூடாகவும் மேலெழும்போது குளிராகவும் இருப்பதே கூடுதல் ஆபத்தானது எனக் காட்டியது. வெப்பமண்டலக் கடலில் முக்குளிப்பவரின் வழக்கமான நிலை இதுவே என்பது கவனிக்கத்தக்கது. அவர் வெயிலில் காய்ந்த உடலோடு இறங்கி, குளிர்ந்த உடலோடு மேலெழுகிறார்.

நீரில் மூழ்குவதும் குளிர்வதும் இரத்தத்தை உடலின் நடுப்பகுதிக்குத் தள்ளுகின்றன. இதனால் சிறுநீர் மிகுதியாக உருவாகி, உடலில் நீர் குறைகிறது. நீரிழப்பும் அமுக்கநீக்க நோய்க்கு ஏதுவாகக் கருதப்படுகிறது. முக்குளிப்புக் கணினிகள் பொதுவாக ஆழத்தையும் நேரத்தையும் கொண்டே கணக்கிடுகின்றன. அணிந்திருப்பவர் நடுங்குகிறார் என்பதை அவை அறியா. ஆகவே குளிர்ந்த நாட்களில் கணினி காட்டும் எல்லைக்கு முன்னதாகவே மேலெழுவது நல்லது.

உடையும் கருவிகளும்

ஈர உடை நீரை முற்றிலும் தடுப்பதில்லை. உடைக்கும் தோலுக்கும் இடையே சிறிதளவு நீரைத் தேக்கி, அதனை உடல் வெப்பத்தால் சூடாக வைத்திருக்கிறது. நியோப்பிரீனில் உள்ள நுண்ணிய வளிமக் குமிழ்களே வெப்பத்தைத் தடுக்கின்றன. அளவு பொருந்தாத தளர்ந்த உடையில் நீர் உள்ளும் புறமும் ஓடுவதால் பயன் இல்லை. வாடகைக்கு உடை எடுப்போர் கழுத்து, இடுப்பு, முதுகு ஆகிய இடங்களில் அது ஒட்டிப் படிகிறதா எனப் பார்த்தல் வேண்டும்.

பாயில் விதிப்படி, 10 மீட்டர் ஆழத்தில் குமிழ்களின் கனவளவு பாதியாகவும், 30 மீட்டரில் ஏறத்தாழக் கால்பங்காகவும் சுருங்குகிறது. அதாவது மிகுந்த குளிர் நிலவும் ஆழத்தில்தான் உடையின் காப்புத்திறன் மிகவும் குறைகிறது. உடையின் மிதப்புத்தன்மையும் குறைவதால், மிதவைச் சட்டையில் காற்றுச் சேர்த்து ஈடுசெய்ய வேண்டும்.

பொதுவாகப் பின்பற்றப்படும் அளவுகள் வருமாறு:

- 27 பாகைக்கு மேல்: 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஈர உடை.
- 21 முதல் 26 பாகை வரை: 5 மில்லிமீட்டர் ஈர உடை, தலையுறை.
- 15 முதல் 20 பாகை வரை: 7 மில்லிமீட்டர் ஈர உடை, தலையுறை, கையுறை, காலுறை.
- அதற்கும் கீழ்: நீர் புகாத உலர் உடை.

இவை தோராயமானவை. மெலிந்தவர்களும் சிறுவர்களும் விரைவில் குளிர்வதால் அவர்களுக்கு ஒரு படி தடித்த உடை தேவைப்படும். தடித்த உடைக்கு மாறும்போது மிதப்பு கூடுவதால், சுமக்க வேண்டிய ஈய எடையை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

முக்குளிப்புக்கு முன்:

- ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை, காற்று, நீரோட்ட முன்னறிவிப்பைப் பார்த்தல் வேண்டும்.
- அன்று அல்லது முந்தைய நாள் மூழ்கியவர்களிடம் அடிநீரின் வெப்பநிலையைக் கேட்டறிதல் வேண்டும்.
- போதிய உணவும் நீரும் உட்கொள்ளுதல் வேண்டும். உடல் வெப்பத்தை உண்டாக்குவது உணவே.
- முந்தைய இரவும் அன்றும் மது அருந்தாதிருத்தல் வேண்டும். வார இறுதியில் புதுச்சேரிக்கு வரும் பயணிகளுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வெப்ப இழப்பைக் கூட்டுகிறது. நீரிழப்பையும் உண்டாக்குகிறது.
- தடித்த உடையை வெயிலில் நெடுநேரம் அணிந்திருத்தல் கூடாது. குளிருக்கு அஞ்சி வெப்ப அயர்ச்சிக்கு ஆளாதல் இவ்வூரில் நிகழக்கூடியதே. இறங்கும் இடத்தை நெருங்கியபின் உடையை முழுவதும் அணிவது நல்லது.

நீருக்கடியில்:

- நடுக்கம் தொடங்கியவுடன் முக்குளிப்பை முடித்தல் வேண்டும். நடுக்கம் அடங்கும்வரை காத்திருத்தல் தவறு.
- கட்டைவிரலால் சிறுவிரலைத் தொட முடிகிறதா என அவ்வப்போது பார்க்கலாம். முடியாவிடில் கைகள் செயலிழக்கத் தொடங்கிவிட்டன எனக் கொள்ள வேண்டும்.
- கைகளைக் குறுக்காகக் கட்டி மேற்கைகளைத் தேய்ப்பது குளிர்கிறது என்பதற்கான சைகை. பெருவிரலை மேல்நோக்கிக் காட்டுவது மேலெழுவோம் என்பதற்கான சைகை. இதனை யார் காட்டினாலும், காரணம் கேட்காமல் அனைவரும் ஏற்க வேண்டும்.
- குளிர்ந்திருந்தாலும் மேலெழும் வேகத்தைக் கூட்டுதல் கூடாது. 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிட நிறுத்தத்துக்குத் தேவையான காற்றையும் உடல் வெப்பத்தையும் மிச்சம் வைத்தே திரும்புதல் வேண்டும்.

படகில்:

ஒரே பயணத்தில் இருமுறை மூழ்குவது வழக்கமாக இருப்பதால், இரண்டாம் முறையே கூடுதல் கவனத்துக்குரியது. முதல்முறை இழந்த வெப்பத்தை உடல் மீட்பதற்குள் மீண்டும் இறங்கினால் விரைவில் குளிர்கிறது. படகு விரைந்து செல்லும்போது வீசும் காற்று, ஈர உடையிலுள்ள நீரை ஆவியாக்கி உடலை மேலும் குளிர்விக்கிறது. ஆகவே உடையைக் கழற்றி, துவட்டி, தலையை மூடி, காற்றுப் புகாத மேலாடை அணிதல் வேண்டும். உலர்ந்த துண்டும் குடுவையில் சூடான இனிப்புப் பானமும் படகில் இருப்பது விரும்பத்தக்கது. இடைவேளை முழுவதும் நடுங்கியவர் இரண்டாம் முறை இறங்கக் கூடாது.

முதலுதவி

பாதிக்கப்பட்டவரை நீரிலிருந்து இயன்றவரை கிடைநிலையில் தூக்கிப் படுக்க வைத்தல் வேண்டும். ஈர உடையை நீக்கி, உலர்ந்த துணியால் தலை முதல் கால்வரை போர்த்த வேண்டும். முழு விழிப்புடன் விழுங்கக்கூடியவராக இருந்தால் மட்டும் சூடான இனிப்புப் பானம் தரலாம். கை கால்களைத் தேய்த்தல், மது கொடுத்தல், நடக்க வைத்தல், சுடுநீரில் குளிப்பாட்டுதல் ஆகியவை கூடா. தேய்ப்பதாலும் நடப்பதாலும் கை கால்களிலுள்ள குளிர்ந்த இரத்தம் இதயத்தை அடைந்து, உள்வெப்பநிலை மேலும் இறங்கக்கூடும். திடீர்ச் சூடு குமிழ்கள் உருவாவதையும் தூண்டலாம்.

மரத்துப்போதலும் சோர்வும் குளிருக்கும் அமுக்கநீக்க நோய்க்கும் பொதுவான அறிகுறிகள். உடல் சூடேறிய பின்னும் அவை நீங்காவிட்டால் அமுக்கநீக்க நோய் என ஐயுற்று, தூய ஆக்சிசன் கொடுத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அழைக்க வேண்டிய எண்கள்: அவசர ஊர்தி 108, கடலில் மீட்பு உதவிக்கு இந்தியக் கடலோரக் காவற்படை 1554. இயங்கும் நிலையிலுள்ள உயரழுத்த மருத்துவ அறை அருகில் எங்குள்ளது என்பதை முக்குளிப்பு ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தல் வேண்டும்.

கடுமையான தாழ்வெப்பநிலையில் மூச்சும் நாடியும் மிகவும் மெலிந்திருக்கும். அவற்றை ஒரு நிமிடம்வரை பொறுமையாகச் சோதிக்க வேண்டும். மூச்சில்லாவிடில் இதய நுரையீரல் உயிர்ப்பூட்டலைத் தொடங்கி, மருத்துவ உதவி கிட்டும்வரை நிறுத்தாமல் செய்தல் வேண்டும்.

மிகக் குளிர்ந்த நீர்நிலைகள்

புதுச்சேரியில் பயிற்சி பெற்றுச் சான்றிதழுடன் கனடா, நார்வே, பிரித்தானியா போன்ற நாடுகளுக்குச் செல்வோர், அங்கு முற்றிலும் வேறுபட்ட நீரை எதிர்கொள்கின்றனர். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் ஏற்படும் குளிர் அதிர்ச்சி, கட்டுப்படுத்த இயலாத மூச்சிழுப்பை உண்டாக்குகிறது. கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதனை 1-10-1 என்னும் எண்களால் விளக்கினார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், பயனுள்ள வகையில் கை கால்களை அசைக்கப் பத்து நிமிடம், நினைவிழக்க ஒரு மணி நேரம் என்பது இதன் பொருள். இது காப்புடையின்றி உறைகுளிர் நீரில் விழுந்தவருக்கான தோராயக் கணக்கு ஆகும்.

10 பாகைக்குக் கீழான நீரில், விரிவடையும் காற்றின் குளிர்ச்சியால் மூச்சுச் சீராக்கியினுள் பனி படிந்து, அடைப்பு திறந்த நிலையிலேயே நின்றுவிடக்கூடும். அப்போது காற்று நிற்காமல் பீறிட்டு வெளியேறி, சில நிமிடங்களில் கலன் காலியாகிவிடும். இதனால் ஐரோப்பியத் தரவிதிகள் 10 பாகைக்குக் கீழான நீருக்கெனத் தனிச் சோதனையை வகுத்துள்ளன. அச்சோதனையில் தேறிய சீராக்கியையே அங்குப் பயன்படுத்த வேண்டும். உலர் உடைக்கும் தனிப்பயிற்சி தேவை. அதனுள் உள்ள காற்று கால்பகுதிக்குச் சென்றால், அணிந்தவர் தலைகீழாக விரைந்து மேலெழும் ஆபத்து உண்டு.

வெப்பமண்டலத்திலும் குளிர்க்காப்பு தேவை என்பதற்கு 2018 ஆம் ஆண்டு தாய்லாந்தின் தாம் லுவாங் குகை மீட்பு ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளம் சூழ்ந்த அக்குகையிலிருந்து 12 சிறுவர்களையும் அவர்களின் பயிற்சியாளரையும் முக்குளிப்பு வீரர்கள் மீட்டபோது, அவர்களுக்கு நியோப்பிரீன் உடை அணிவித்தே நீர்வழியாகக் கொண்டுவந்தனர்.